யாரங்கே என்றால் திரும்பாதவர்

டிவி ரிப்பேர் தொழிலில் என்னை யாரும் இப்படி அவமானப்படுத்தியது கிடையாது. படம் வரவில்லை என்று கூப்பிட்டார்கள். போனேன், பின்மூடியைக் கழற்றினேன், சரி செய்தேன், படம் வந்தது. ஸ்பீக்கர் செத்துக் கிடப்பதையும் பார்த்தேன். புது ஸ்பீக்கர் பையிலேயே இருந்தது. "யக்கா, சத்தமும் போட்டுடறேன்" என்றேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அந்த அக்கா தலையைத் தூக்காமலே, "உன்ன யாரு கேட்டா?" என்றார்.

"சத்தம் இல்லாம எப்பிடிக்கா பாப்ப?"

"கண்ணாலதான். நீ இன்னா, காதால பாப்பியா?"

எனக்கு வந்த கோபத்துக்கு டிவியை மறுபடியும் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருப்பேன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கடை வைத்திருப்பவன் நான். கேபிள் கனெக்‌ஷனும் நான்தான். ஊரில் பாதி வீட்டு டிவிக்கு நான்தான் டாக்டர். பாதி உயிரோடு இருக்கும் டிவியை அப்படியே விட்டுவிட்டுப் போ என்று சொன்ன ஒரே ஆள் அந்த அக்காதான். மூலையில் உட்கார்ந்திருந்த அவர் வீட்டுக்காரர், நான் பெட்டியை மூடுவதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அவர் நிலைமையை அப்புறம் சொல்கிறேன்.

அக்காவின் பெயரை இப்போது சொல்லப் போவதில்லை. மறைக்கிறேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். சொல்லாததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது கடைசியில்தான் வரும்.

அக்கா வேலை பார்த்தது அரிசி மில்லில். உள்ளே போய் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அங்கே மனிதக் குரலுக்கு மரியாதை கிடையாது. மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் காதுக்குள் வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் மில்லுப் பெண்கள் எல்லோரும் உதட்டால்தான் பேசுவார்கள். துளி சத்தம் வராது. நாங்கள் அதை மில்லு பேச்சு என்போம். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. பஸ் ஸ்டாண்டில் இந்தக் கோடியில் ஒருத்தி, அந்தக் கோடியில் ஒருத்தி நின்றுகொண்டு, நடுவில் நிற்கும் எங்களைப் பற்றியே பேசிச் சிரிப்பார்கள். நமக்கு ஒரு எழுத்து புரியாது. எரிச்சலாக வரும்.

அந்தப் பேச்சில் ஒரு சிக்கல் உண்டு. உதட்டை மட்டும் பார்த்தால் ம-வும் ப-வும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மாடு என்கிறாளா, பாடு என்கிறாளா, தெரியாது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ம வருகிற இடத்தில் ஒரு விரலால் மூக்கைத் தொடுவார்கள். தொடாவிட்டால் ப. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு மில்லுப் பெண்கள் எல்லோருக்கும் ஜலதோஷம் பிடித்திருக்கிறது என்றுதான் தோன்றும். தவிட்டுத் தூசியில் அதுவும் பாதி உண்மைதான்.

இப்படி வாயைப் பார்த்தே வாழ்ந்த மனுஷி டிவியில் பார்ப்பது இரண்டே ரகம். ஒன்று, ராஜா காலத்துத் தொடர்கள். அதற்கு அக்கா வைத்த பெயர் ராஜா கதை. இன்னொன்று, கோயில், கோட்டை, கல்வெட்டு என்று காட்டும் ஆவணப்படங்கள். அது கல்லு கதை. மாமியார் மருமகள் சண்டை வந்தால் சேனலை மாற்றிவிடுவார். "அத்த பாக்க டிவி எதுக்கு, காலனிலயே கீது" என்பார்.

ஷிஃப்ட் முடிந்து போகும் வழியில் என் கடை முன்னால் நிற்பார். கண்ணாடிக்குப் பின்னால் விற்பனைக்கு வைத்த டிவிகள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். தலையில் தூசி, இடுப்பில் சாப்பாட்டுக் கூடை. நின்றபடியே தீர்ப்பு சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

"ராஜா பேசிக்கினே கீறான் இல்ல, அவன வுடு. பின்னாடி பாரு. ஈட்டி புட்ச்சிக்கினு நிக்கிறான் பாரு ஒருத்தன். இன்னா சொல்றான் தெரியுமா?"

"இன்னா?"

"பிரியாணியா, தயிர் சோறாங்கிறான். அந்தாண்ட நிக்கிறவன் தயிர் சோறுங்கிறான். மூஞ்சி செத்துப்போச்சி பாரு."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஈட்டிக்காரன் முகம் வாடித்தான் போனது. அதற்கு அப்புறம் அந்தக் காட்சியில் ராஜா என்ன செய்தார் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

"போர்ல வியுந்து கெடக்கிறவன் சட்ட கூட இஸ்திரி போட்டு கீது. அரண்மன இம்மாம் பெருசு கீதே, யாரு பெருக்கறது? ஒரு தொடப்பத்த காட்றானா? ராணி நகையெல்லாம் போட்டுக்கினே தூங்கறா. அந்தக் கம்மலோட ஒரு ராத்திரி படுத்துப் பாக்கச் சொல்லு, காது அறுந்து கையில வந்துடும்." இதெல்லாம் ராஜா கதைக்கு.

கல்லு கதையை இவ்வளவு திட்ட மாட்டார். அதில் ஒரு மதிப்பு வைத்திருந்தார். "கல்லுக்கு வாயி கெடையாது நைனா. அதனால அது பொய் சொல்லாது. பக்கத்துல ஒருத்தன் நின்னுக்கினு அதுக்கோசரம் பேசறான் பாரு, அவனத்தான் கண்ணுல வெச்சிக்கினு இருக்கணும்." ஆனால் ஆராய்ச்சியாளர் பிரகாரத்தில் நடந்துகொண்டே பேசினால் பொறுக்காது. "ஏன் இவுரு நடந்துக்கினே கீறாரு? நின்னா மறந்துடுமா?" ட்ரோன் காட்சி வந்தால், "எப்பப் பாரு மேலருந்தே காட்றான். மேலருந்து பாத்தா கோபுரந்தான் தெரியும், மனுசன் தெரிவானா?" பழைய காலத்தைக் காட்ட நடிகர்களை மெதுவாக நடக்கவிட்டு, வெள்ளைப் புகையும் போடுவார்கள் அல்லவா, அதற்கு வாய்விட்டே சிரிப்பார். "அந்தக் காலத்து ஆளுங்கல்லாம் தண்ணிக்குள்ளயா நடந்தாங்க? பொக போட்டா பழைய காலம் ஆயிடும்னா எங்க மில்லுல தெனம் பழைய காலந்தான்!"

எனக்கு ராஜா கதை பிடிக்கும். முரசு கொட்டி, கொம்பு ஊதி, யானை வரும்போது உடம்பெல்லாம் சிலிர்க்கும். சொன்னேன். "அது கொட்டு அடிக்கிறவனால வர்றது. ராஜாவால இல்ல. சத்தத்த நிறுத்திட்டு அவன பாரு" என்றார். வீம்புக்கு அன்றைக்குக் கடையை மூடும் முன், உள்ளே நான் பார்க்கும் டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். ராஜா, காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி இருந்தார். கடைசி வரைக்கும் அதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

அக்கா சொல்வதெல்லாம் வேதம் என்றும் நினைக்கக் கூடாது. ஒருநாள் வடநாட்டிலிருந்து வந்த டப்பிங் தொடர் ஓடியது. ராணி ராஜாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணீரோடு ஏதோ சொல்கிறாள். "மாவு புளிச்சிப்போச்சின்னு சொல்றா" என்றார் அக்கா. "யக்கா, அவ பேசறது இந்தி" என்றேன். "இந்தியா இருந்தா இன்னா? வாயி ஒண்ணுதான?" என்று அடித்துப் பேசினார். நானும் விடவில்லை. "அவ மூக்கத் தொட்டாளா? தொடலியே. அப்போ மாவு இல்ல, பாவுதான். பாவு எங்கியாவது புளிக்குமா?" என்றேன். பட்டுத்தறிக்கு ஏற்றும் பாவு காஞ்சிபுரம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியாமல் இருக்குமா! அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு, கடைவாசலிலேயே குந்திக்கொண்டு சிரித்தார். "அட, ஆமா நைனா! நீயும் மில்லுல சேந்துக்கோ" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இனி அந்த வீட்டுக்காரர் கதை. நான் மாமா என்று கூப்பிடுவேன். கொத்தனார், சாதுவான மனிதர், சத்தம் கேட்காமல் அவருக்குச் சோறு இறங்காது. பாவம், பக்கத்து வீட்டுக்காரரைக் கெஞ்சி அதே சேனலை வைக்கச் சொல்லுவார். இந்த வீட்டில் படம், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம். சுவரில் காதை வைத்துக்கொண்டு டிவி பார்த்த ஒரே மனிதரை நான் அங்கேதான் பார்த்தேன். ஒருநாள் அக்கா ஷிஃப்டுக்குப் போன நேரத்தில் என்னை ரகசியமாக அழைத்துப் போய் ஸ்பீக்கர் போட்டுக்கொண்டார். அக்கா வந்தார், சத்தத்தைக் கேட்டார். அரிவாள்மணையை எடுத்து வந்து ஸ்பீக்கர் ஒயரை வெங்காயம் மாதிரி நறுக்கிவிட்டுச் சமைக்கப் போய்விட்டார்.

இவ்வளவு திட்டியும் அக்காவுக்கு உண்மையான கோபம் வருவது ஒரே வார்த்தைக்குத்தான். ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்து கையைத் தட்டி, "யாரங்கே!" என்பாரே, அதற்கு. அந்த வார்த்தையைச் சத்தமில்லாமலே கண்டுபிடித்துவிடுவார். முகம் சிவந்துவிடும்.

"தெனம் தண்ணி மொண்டாந்து குடுக்கிறா. தெனம் விசிறி வீசறா. அவ பேரு தெரியாதா இவனுக்கு? இவனுக்கு மட்டும் எத்தினி பேரு! உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒருத்தன் நின்னு படிச்சிக்கினே கீறான், முடிய மாட்டேங்குது. அவளுக்கு ஒரே ஒரு பேரு குட்த்தா கஜானா காலியாயிடுமா?"

"கதைதானக்கா" என்றேன்.

"கதைல கூட குடுக்க மாட்டேங்கிறான் பாத்தியா? அதுக்குத்தான் கேக்கறேன்." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: "ஒரே ஒரு கதைல, பின்னாடி நிக்கிறவள பேரு சொல்லிக் கூப்ட்டு நான் பாத்துட்டேன்னா போதும் நைனா. அப்பால நீ சத்தம் போடு, போடாத, உன் இஷ்டம்."

அது டிவியோடு நிற்கிற கோபம் இல்லை. மில்லில் யாரையாவது கூப்பிட வேண்டும் என்றால், குரல் கேட்காது என்பதால், ஒரு பிடி நெல்லை அள்ளி முதுகில் வீசுவார்கள். அங்கே எல்லோருக்கும் அது சாதாரணம். புதிதாக வந்த சூப்பர்வைசரும் அப்படித்தான் அக்கா முதுகில் வீசினார். அக்கா திரும்பவில்லை. மறுபடி வீசினார். திரும்பவில்லை. எதிரில் வந்து நின்று கையை ஆட்டினார். மெஷினை நிறுத்தும் வரைக்கும் காத்திருந்து அக்கா சொன்ன பதில் ஊருக்கே தெரியும்: "நெல்லு வீசுனா கோயிதான் சார் திரும்பும். எனக்கு பேரு கீது." அந்த மனிதர் கடைசியில் எதிரே வந்து, உதட்டைக் கோணி, அக்கா பெயரைச் சொல்லக் கற்றுக்கொண்டார். வேறு வழி?

தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளர் காலனிக்கு வந்தார். வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்கச் சொல்லி ஆள் வந்தது. "ஏம்மா, பொம்பளைங்கல்லாம் வாங்க" என்று அந்த ஆள் கூப்பிட்டான். "பொம்பளைங்கன்னு இங்க யாரும் இல்ல. ஆரத்தி எடுக்க இவுரு இன்னா எங்க வூட்டுக்கு வந்த புதுப் பொண்ணா?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். ஓட்டுப் போடும் அன்றைக்கு மட்டும் தலை குளித்து, புதுப்புடவை கட்டி, வரிசையில் முதல் ஆளாக நின்றார். அங்கே உட்கார்ந்திருப்பவர் பட்டியலைப் பார்த்துப் பெயரைச் சத்தமாகப் படிப்பார் அல்லவா, அது கேட்கத்தான் வருகிறேன் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். சத்தம் தேவைப்பட்ட ஒரே இடம் அது.

இப்படிப்பட்டவரைத்தான் நான் ஆவணப்படத்தில் நிற்க வைக்க அழைத்துப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்கள் ஊர்க் கல்வெட்டைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே பெயர்களை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டு, ஊர்ச் சபைக்கு ஆள் எடுத்த ஊர். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஆட்டோக்காரர் சொல்லிவிடுவார். அதைப் படம் எடுக்கச் சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. ஆராய்ச்சியாளர் பேசும் பகுதியை ஊருக்குள் எடுத்துவிட்டு, நடிக்கும் பகுதிக்கு மானாம்பதி போகும் வழியில் ஒரு தோப்பில் பந்தல் போட்டார்கள். ஜெனரேட்டர், ஒயர், கூட்டம் மூன்றும் என் பொறுப்பு. கூட்டத்துக்கு மில்லுப் பெண்களைத்தான் கேட்டேன். மில்லுக்கு லீவு நாள். அக்கா உடனே சரி என்றார். "பின்னாடி நிக்கத்தான?" என்று மட்டும் கேட்டார்.

கொண்டை போட்ட ஓர் உதவி இயக்குநர் தம்பி எல்லோரையும் இரண்டு வரிசையாக நிறுத்தினார். "நீங்கள்லாம் மக்கள். சபை ஆளுங்க குடத்த எடுத்துட்டு நடுவுல வருவாங்க. நீங்க குனிஞ்சு கும்பிட்டு, சபையோர் வாழ்கன்னு சத்தமா சொல்லணும். எங்க, சொல்லுங்க!"

"சபையோர் வாய்க!" என்றார்கள் அத்தனை பேரும்.

"வாய்க இல்லம்மா. ழ! வாழ்க!"

"வாள்க!"

எங்கள் பக்கத்து நாக்கு அப்படி. அந்தத் தம்பி தொண்டை கிழியக் கற்றுக்கொடுத்தார், இவர்கள் சிரித்துச் சிரித்து வாய்க என்றே சொன்னார்கள். பந்தலுக்குள் உட்கார்ந்திருந்த இயக்குநர், "விடுப்பா. சத்தம் அப்புறம் போட்டுக்கலாம். வாய மட்டும் அசைக்கச் சொல்லு" என்றார். மில்லுப் பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நானாவது அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

அக்கா கையைத் தூக்கினார். "தம்பி, அந்தக் கொடத்துல யாரு பேரு போடுவாங்க?"

"ஊர்ல இருக்கிறவங்க பேரும்மா."

"எங்க பேரு?"

"அது வந்தும்மா, நிலம் இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், அவங்க பேரத்தான் போடுவாங்க. கல்வெட்டுலயே அப்படித்தான் இருக்கு. நீங்க மக்கள்."

"மக்களுக்கு பேரு இல்லியா?"

"சீன்ல இல்லம்மா."

"அப்போ எங்க பேரு இல்லாத கொடத்துக்கு நாங்க ஏன் குனியணும்? நான் குனிய மாட்டேன்."

ஓடினேன். "யக்கா, பேஜார் பண்ணாத. கூட்டியாந்தது நானு. ஒரு தபா குனிஞ்சா முதுகு ஒடிஞ்சா போயிடும்?"

"என் முதுகு நைனா. மூட்டைக்கி குனியறேன், அதுல சோறு கீது. இதுல இன்னா கீது?"

"நடிப்புதானக்கா!"

"நடிப்புன்னு சொல்லித்தான் குனிய வெப்பான். அப்பால அத்த டிவில போட்டு, பாருங்க, அந்தக் காலத்துலயே அல்லாரும் சந்தோசமா குனிஞ்சாங்கன்னு சொல்லுவான். நாளிக்கி என் பேத்தி அத்த பாப்பா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது, எல்லோரும் என்னையே முறைத்தார்கள். இயக்குநர் எழுந்து வந்தார். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் பேசினார். "அம்மா, அந்தக் காலத்துல உலகத்துல வேற எங்க இப்படி ஒண்ணு இருந்துச்சு? குறை இருக்கு, இல்லன்னு சொல்லல. பெருமையும் இருக்கு இல்ல?"

"பெரும இல்லன்னு நான் சொன்னனா? என் ஊரு. எனக்கும் பெருமதான். காட்டு, நல்லா காட்டு. என்ன குனின்னு மட்டும் சொல்லாத."

இயக்குநர் வானத்தைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார். "சரி, நீங்க கடைசியா பின்னாடி போய் நில்லுங்க" என்றார். அக்கா முகம் மலர்ந்துவிட்டது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் உட்கார வைத்த மாதிரி விறுவிறுவென்று பின்னால் போனார். முன்னால் நிற்பவர்கள் எல்லோரும் குனிந்துவிட்டால் பின்னால் நிமிர்ந்து நிற்பவர் எப்படி மறைவார் என்று இயக்குநரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ஜெனரேட்டர் இரைந்தது. நான் அதன் பக்கத்தில் நின்றேன். பட்டும் பூணூலுமாகச் சபை வந்தது, குடம் வந்தது, மக்கள் குனிந்தார்கள். பின்னால் அக்கா மட்டும் கம்பம் மாதிரி நின்றுகொண்டு உதட்டை அசைத்தார். அவ்வளவு தூரத்திலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நடுவில் விரல் மூக்குக்குப் போனது. "மூக்க சொறியாதீங்கம்மா!" என்று மைக்கில் கத்தினார் அந்தத் தம்பி. திரும்ப எடுத்தார்கள். திரும்பவும் மூக்கு. வெளிச்சம் போய்விட்டதால், "பரவால்ல, ஓகே" என்றார் இயக்குநர்.

திரும்பி வரும்போது கேட்டேன். "யக்கா, கும்புடத்தான் இல்ல. வாழ்கன்னாவது சொன்னியா?"

"டிவில வரும். வாயப் பாரு."

அக்கா வாயைப் பற்றி எனக்குத் தெரியும். இயக்குநரின் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருந்தால்? மற்றப் பெண்களைக் கேட்டேன். அவர்கள் எல்லோரும் மண்ணைப் பார்த்துக் குனிந்திருந்தார்கள், பின்னால் நின்றவர் வாயை யார் பார்த்தார்கள்? அதற்கு அப்புறம் அக்கா தினமும் கடைக்கு வந்தார். ராஜாவைப் பார்க்கவில்லை, ஈட்டிக்காரனைப் பார்க்கவில்லை. "எப்போ போடுவான்? வெட்டிடுவானா நைனா?" இதையேதான் கேட்டார். எதற்கும் பயப்படாத மனுஷி அப்படிக் கேட்டது எனக்கு என்னவோ போல் இருந்தது. "வெட்ட மாட்டான்க்கா" என்று தெரியாமலே சொல்லிவைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போட்டார்கள். மில்லுப் பெண்கள் அத்தனை பேரும் அக்கா வீட்டில் கூடிவிட்டார்கள். அவரவர் வீட்டில் நல்ல டிவி இருந்தும், வாயைப் பார்க்க இந்த வீடுதான் சரி என்று வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் அதே சேனல். மாமா சுவரோரம் இடம் பிடித்துக்கொண்டார். நான் கதவோரம் நின்றேன். பையில் ஸ்பீக்கர், தொழில் பழக்கம்.

ஆராய்ச்சியாளர் நடந்துகொண்டே பேசினார். "நிக்க மாட்டாரே!" என்றார் அக்கா. மேலிருந்து ஊரைக் காட்டினார்கள், கோபுரம் தெரிந்தது. புகை வந்தது, எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் தோப்பு. பந்தல். குடம். அதை மெதுவாக ஓடவிட்டிருந்தார்கள், தண்ணீருக்குள் நடக்கிற மாதிரி. வரிசையாகக் குனிந்த முதுகுகள். அவற்றுக்குப் பின்னால், முழுசாக, நிமிர்ந்து, அக்கா.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "சபையோர் வாழ்க! வாழ்க!" என்று சத்தம் வந்தது. சென்னையில் யாரோ பேசியது. ழ அத்தனை சுத்தம்.

படத்தில் அக்காவின் உதடு அசைந்தது. திடீரென்று மில்லுப் பெண்களில் ஒருத்தி, சரோஜா, "ஏய், நானு!" என்று கத்தினாள்.

எனக்குப் புரியவில்லை. படத்தில் அக்கா விரலால் மூக்கைத் தொட்டார், உதடு விரிந்தது. "ஐயோ, எம் பேரு!" என்று மேரி எழுந்து நின்றுவிட்டாள். எல்லம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். ஸ்டெல்லா பக்கத்திலிருந்தவளைக் கிள்ளினாள். குப்பு அழுதேவிட்டாள். குனிந்து நின்ற ஒவ்வொருத்தியின் முதுகையும் பார்த்து, அவள் பெயரைக் குடத்தில் போடுகிற மாதிரி, ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொல்லியிருந்தார் அக்கா. மெதுவாக ஓட்டியதில் ஒரு எழுத்து கூடத் தப்பவில்லை. அந்த வீட்டில் இருந்த மில்லுப் பெண்கள் எல்லோருடைய பெயரும் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் வாழ்க, வாழ்க என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசியாக அக்காவின் உதடு சேர்ந்தது. விரல் எழும்பி மூக்கைத் தொட்டது. டப்பென்று குடத்தைக் காட்டிவிட்டார்கள்.

"வெட்டிட்டானே!" என்று வீடே அலறியது. "யக்கா, உன் பேரத்தான் மொதல்ல சொல்லியிருக்கக் கூடாதா?"

"அல்லார் பேரும் போட்டுட்டு அப்பால போடலாம்னு பாத்தேன்" என்றார் அக்கா. மாமா மெல்ல, "எம் பேரு சொன்னியா?" என்று கேட்டார். "நீ இன்னா மில்லுலயா வேல செய்ற?" என்று ஓர் அதட்டல். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"பின்னாடி நிக்கிறவள பேரு சொல்லிக் கூப்ட்டு பாத்துட்டேன் நைனா. சொன்ன சொல்லு மாற மாட்டேன். ஸ்பீக்கர் கீதா பையில?"

எத்தனை நாளாக அந்தக் கேள்விக்குக் காத்திருந்தவன் நான்! சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தடவை காது கொடுத்தேன். அந்தச் சத்தத்தில் இவர்கள் பெயர் ஒன்றுகூட வரவில்லை. மாமா முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. "வேணாம்க்கா" என்றேன்.

அக்கா இப்போது மில்லில் இல்லை. மகளோடு திருமுக்கூடலுக்குப் போய்விட்டார். இதை எழுதப் போகிறேன், உன் பெயரைப் போடட்டுமா என்று போனில் கேட்டேன். "அவன் வெட்டுன எடத்துல நீ ஒட்டு போடாத. வேணும்ன்றவன் வந்து கேக்கட்டும்" என்று வைத்துவிட்டார். அதுதான் காரணம்.

அந்தப் படத்தை இன்னும் அவ்வப்போது போடுகிறார்கள். கண்ணில் பட்டால் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் பின்னாடி பாருங்கள். முதல் எழுத்து ம. அதுவரைக்கும் படத்திலேயே இருக்கிறது. மீதி வேண்டுமென்றால் எங்கள் ஊர் மில்லுக்கு வாருங்கள், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் வாயைத்தான் பார்க்க வேண்டும். அங்கே சத்தம் கேட்காது.